இறங்கி ஏறுதல்

ஆரணிக்கு ரயில் கிடையாது. ஆரணியின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் மட்டும் உண்டு. 'ஆரணி ரோடு' என்னும் அந்த நிலையம் ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் களம்பூரில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காட்பாடிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பாதை போட்டபோது எங்கள் ஊரை ஒதுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். திண்டிவனம் - நகரி புதுப்பாதை ஆரணி வழியாக வரும் என்று 2000களின் நடுவில் அறிவிப்பு வந்தது. அன்று பிறந்த பிள்ளைகள் இன்று என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், பாதை வந்தபாடில்லை. ஆகவே ஆரணிக்காரர் ரயிலைப் பற்றிப் பேசினால் அதில் ஒரு பேருந்துப் பயணமும் சேர்ந்தே இருக்கும். ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

எங்கள் தெருவில் எண்பதைக் கடந்த நெசவாளர் ஒருவர் இருக்கிறார். தறியில் உட்காருவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் தறிச் சத்தம் கேட்கும் திண்ணையை விட்டு அவர் நகர்வதில்லை. 1950களின் நடுவில், பன்னிரண்டு வயதுப் பையனாக, தகப்பனாருடன் ராமேஸ்வரம் போனதை அடிக்கடி சொல்வார். ஆரணி ரோட்டில் ஏறி விழுப்புரத்தில் இறங்கி, இரவில் வரும் போட் மெயிலைப் பிடித்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டதிலிருந்து பையனுக்கு ஒரே நினைப்பு: தனுஷ்கோடியில் வண்டி அப்படியே கப்பலுக்குள் ஏறும், கப்பல் அதைத் தூக்கிக்கொண்டு சிலோனுக்குப் போகும். ராமேஸ்வரத்துச் சாமியைவிட அதைப் பார்க்கத்தான் அவர் போனார்.

"கடலாண்ட போய் இஞ்சின் நின்னுபோச்சு சார். ஜனங்க எல்லாம் மூட்டைய எடுத்துக்கினு எறங்கி நடக்கறாங்க. ரயிலு அங்கியே நிக்குது. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

இந்தத் தவறான எண்ணம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. படித்தவர்களிலும் பலர் போட் மெயில் என்றால் ரயிலைச் சுமந்த கப்பல் என்றே எண்ணுகிறார்கள். உண்மையில் அந்தப் பெயர் ஒரு ஏற்பாட்டின் பெயர். சென்னை எழும்பூரில் ஒரே பயணச்சீட்டை வாங்கலாம். தனுஷ்கோடித் துறைமேடை வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குச் சுமார் 35 கிலோமீட்டர் நீராவிக் கப்பல், தலைமன்னாரில் காத்திருக்கும் இன்னொரு ரயிலில் கொழும்புக் கோட்டை. சீட்டு ஒன்று, ஊர்தி மூன்று. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று ஆங்கில அரசப் பிரதிநிதிகளின் பெயர்களைக் கப்பல்களுக்கு இட்டிருந்தார்கள். பிற்பாடு இர்வினும் கோஷனும் வந்து சேர்ந்தன. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் இந்த வழி முழுமை பெற்றது.

அதற்கு முன்பு தூத்துக்குடிதான் வாசல். சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி போய், அங்கிருந்து ஓர் இரவுக் கடல் பயணமாகக் கொழும்பு சேர வேண்டும். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி வெள்ளையர் கம்பெனியோடு மோதியது அந்தத் தடத்தில்தான். அவர் சிறையிலிருந்து வெளிவந்தது 1912 டிசம்பரில். அடுத்த பதினாறு மாதங்களுக்குள் பாம்பன் பாலமும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்து, அவர் உயிரைக் கொடுத்துப் போராடிய தடத்திலிருந்து பயணிகளைத் தம் பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டன. கப்பல்காரர் வரலாற்றைப் பாடம் நடத்தும்போது நாம் இதைச் சொல்வதில்லை. சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சரி, ரயிலை ஏன் கப்பலில் ஏற்றவில்லை? ஏற்றினாலும் மறுகரையில் அது ஓடியிருக்காது. நம் பக்கத்துத் தென்னிந்திய ரயில்வேயின் பாதை மீட்டர் பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி. தலைமன்னாரிலிருந்து புறப்படும் இலங்கைப் பாதை அகலப் பாதை. அங்கே 1,676 மில்லிமீட்டர். ஒரே வெள்ளைக்கார ஆட்சி, ஒரே ராஜா, நடுவே ஒரு குறுகிய கடல். அளவு மட்டும் வேறு. இதைத் திண்ணைப் பெரியவரிடம் சொன்னபோது, எழுபதாண்டு ஏமாற்றத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது போலத் தலையாட்டினார். "அச்சு வேற வேற, பாவு எப்படி சார் ஒட்டும்?" என்றார். தறியில் பாவு தீரும்போது, அச்சிலும் விழுதிலும் கிடக்கும் பழைய இழை நுனிகளோடு புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். ஒரு நாள் முழுக்கக்கூட ஆகும். கணக்கு ஒத்திருந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

ரயிலைச் சுமக்கும் கப்பல் கற்பனை அன்று. 1850-லேயே ஸ்காட்லாந்தில் ஃபோர்த் கழிமுகத்தில் தாமஸ் பவுச் என்னும் பொறியாளர் அப்படியொன்றை ஓட்டிக் காட்டினார். கப்பலின் மேல்தளத்தில் தண்டவாளம். கடல்மட்டம் ஏறி இறங்கினாலும் கரையோடு பொருந்தும்படி சரிவுப் பாலம். சரக்குப் பெட்டிகள் உருண்டு ஏறும், மறுகரையில் உருண்டு இறங்கும். பெட்டிகள் மட்டும்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கேயும் மனிதர்கள் இறங்கி வேறு படகில்தான் போனார்கள். சரக்குக்கு இல்லாத தொல்லை பயணிக்கு.

பவுச்சின் கதை அதோடு முடிந்திருந்தால் அவர் நல்ல பெயரோடு போயிருப்பார். கப்பலால் நிறைவடையாமல் டே கழிமுகத்தின் மேல் நீண்ட பாலம் ஒன்றைக் கட்டினார். 1878-ல் அது திறக்கப்பட்டது. 1879 டிசம்பர் 28 இரவு, புயலில், ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு பாலத்தின் நடுப்பகுதி நீரில் விழுந்தது. வண்டியில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டே பவுச் இறந்துபோனார். டே நதியில் ஓய்வு கொடுக்கப்பட்டிருந்த பழைய கப்பல் துறை, 1887-ல் இரண்டாவது பாலம் எழும்வரை மீண்டும் சுமை தாங்க வேண்டியதாயிற்று. டிசம்பர், இரவு, புயல், ரயில், கடல் - இதைப் படிக்கும் தமிழருக்கு வேறொரு டிசம்பர் நினைவுக்கு வராமல் போகாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜப்பானில் கணக்கு நேர்மாறு. ஹொன்ஷூ, ஹொக்கைடோ தீவுகளுக்கிடையே ரயில் பெட்டிகளைச் சுமந்த தோயா மாரு என்னும் கப்பல் 1954 செப்டம்பர் 26 அன்று சூறாவளியில் கவிழ்ந்தது. ஆயிரத்து நூறு பேருக்குமேல் மாண்டார்கள். கடலுக்கடியில் சுரங்கம் தோண்டும் பழைய யோசனைக்கு அந்தச் சாவுகள்தாம் வேகம் கொடுத்தன. 53.85 கிலோமீட்டர் நீளமுள்ள செய்கான் சுரங்கம் 1988 மார்ச் 13 அன்று திறக்கப்பட்டது. துக்கத்துக்கு ஓர் அரசு கொடுக்கக்கூடிய மறுமொழிகளில் அது மேலானது என்றே எனக்குப் படுகிறது.

நம் நாட்டிலும் இத்தகைய துறைகள் இருந்தன. அசாமில் பாண்டுவுக்கும் அமீன்காவுக்கும் இடையே பிரம்மபுத்திராவில் சரக்குப் பெட்டிகளைக் கப்பலேற்றிக் கடத்தினார்கள். 1962-ல் சராய்காட் பாலம் வந்ததும் அது ஓய்ந்தது. கங்கைக்கரையில் மொகாமா காட் இன்னும் பெயர்பெற்றது. ஜிம் கார்பெட்டை 'குமாயுன் புலிகள்' வழியாக மட்டும் அறிந்தவர்களுக்கு வியப்பாக இருக்கலாம்: அவர் தம் இளமையில் இருபது ஆண்டுகளுக்குமேல் அங்கே சரக்கு மாற்றும் ஒப்பந்தக்காரராக இருந்தார். தென்கரையில் அகலப் பாதை, வடகரையிலிருந்து கிளம்புவது மீட்டர் பாதை. நிலக்கரியும் தானியமும் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குக் கூலியாட்களின் கூடைகளிலும் தலைகளிலும்தான் மாறின. 1952-ல் வெளிவந்த 'என் இந்தியா' நூலில் அந்த மனிதர்களைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்கள், புலிகளைப் பற்றிய பக்கங்களுக்குக் குறைந்தவை அல்ல. 1959-ல் அங்கே ராஜேந்திர பாலம் கட்டப்பட்டது. இரண்டு அளவுகளுக்கு நடுவே அதுவரை மனிதத் தலைதான் பாலமாக இருந்தது.

இந்தக் கப்பல்துறைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஏக்கத்தோடு எழுதுகிறார்கள். அதிகாலைப் பனி, சங்கொலி, மேல்தளத்துத் தேநீர். எனக்கு அந்த ஏக்கத்தில் முழு நம்பிக்கை இல்லை. பாலம் வந்துவிட்ட இடத்தில் கப்பலுக்காக ஏங்குவது, பாலத்தின் மேல் சுகமாகப் போகிறவருக்குக் கிடைக்கும் கூடுதல் சௌகரியம். இத்தாலியில் மெஸ்ஸினா நீரிணையைக் கடக்கும் ரயில்களை இன்றும் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றுகிறார்கள். சுற்றுலாப் பயணி அதைப் படமெடுக்கிறார். சிசிலிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். என் அக்கறை வேறு இடத்தில். உலகத்தில் இத்தகைய கப்பல்கள் நின்றபோது பெரும்பாலும் அவற்றின் இடத்தில் பாலமோ சுரங்கமோ வந்தது. பாக் நீரிணையில் கப்பல் நின்றது. அதன் இடத்தில் ஒன்றும் வரவில்லை.

தமிழில் 'துறை' என்ற சொல்லைப் பாருங்கள். நீரில் இறங்கும் இடமும் துறை, கரையேறும் இடமும் துறை. அகப்பொருள், புறப்பொருள் இலக்கணம் படித்தவர்களுக்கு இன்னொரு துறையும் தெரியும். அரசு ஊழியர்களுக்கு வேறொரு துறை. மண்டபத்தில் இவற்றில் இரண்டு ஒன்றாகவே இருந்தன. நீர்த்துறைக்கு முன்பாக அலுவல் துறை. தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அனுப்புவதற்காக இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. மண்டபம் காம்ப் என்று ரயில் நிலையத்துக்கே பெயர். தோட்டத்துக்குப் போகும் குடும்பங்களை அங்கே இறக்கி, காலராவோ அம்மையோ உண்டா என்று நாட்கணக்கில் நிறுத்திப் பார்த்து, உடம்பையும் துணியையும் மருந்திட்டுக் கழுவி, அதன் பிறகே கப்பலேற்றினார்கள். மேல்வகுப்புச் சீட்டு வைத்திருந்தவருக்குப் போட் மெயில் இரண்டு ரயிலும் ஒரு கப்பலும். கங்காணியின் பின்னால் வந்தவருக்கு நடுவே இந்த முகாமும் உண்டு. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் காட்டியது இந்த வாசலைக் கடந்து போனவர்களின் வாழ்க்கையைத்தான். ஆகையால், இறங்கி ஏறுவதைக் கவித்துவமான இடைவேளை என்று நான் சொல்லமாட்டேன். எங்கே ஆளை இறக்குகிறார்களோ, அங்கே ஆளைப் பிரித்துப் பார்க்கவும் முடிகிறது.

ஆனால் அந்த வழி, தன் குறைகளோடு, இரு கரைகளையும் ஒரே அங்காடியாக, ஏறத்தாழ ஒரே குடும்பமாக வைத்திருந்தது. திண்ணைப் பெரியவரின் தகப்பனார் நெய்த சேலைகளை வாங்கிப்போக யாழ்ப்பாணத்து வியாபாரி ஒருவர் தை பிறப்பதற்கு முன் வருவாராம். வந்தால் இரண்டு நாள் தங்குவார். அவர் பேச்சைக் கேட்கத் தெருவே கூடும். மலையாளமோ என்று சிலர் சந்தேகப்பட்டார்களாம். அவர் சேலை என்று சொல்லமாட்டார், 'கூறை' என்பார். ஆடையைக் குறிக்கும் பழஞ்சொல் அது. மாயவரத்தை ஒட்டிக் கூறைநாடு என்றே ஓர் ஊர் உண்டு. சேலைக்குப் பேர்போன ஊர். போட் மெயில் போன வழியில் இருப்பது. நம்மிடம் வழக்கு அருகிவிட்ட அந்தச் சொல் யாழ்ப்பாணத்தில் மணப்பெண்ணின் சேலைக்கு இன்றும் வழங்குகிறது. துணி போன வழியில் சொல்லும் போயிருக்கலாம், அல்லது முன்பே போயிருந்து துணியை அழைத்திருக்கலாம். எப்படியானாலும் வழி ஒன்று இருந்தது.

அது ஒரே நாளில் மூடப்படவில்லை. முதலில் காகிதத்தில் மூடினார்கள். சுதந்திரம் பெற்ற இலங்கை, தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோருக்கு 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் செய்தது. பிறகு கடவுச்சீட்டு, விசா, இறக்குமதிக் கட்டுப்பாடு. வியாபாரியின் வரவு அருகிப் பின் நின்றே போயிற்று. சேலைகள் நிற்கவில்லை, இரவில், தோணியில் போயின. 'கள்ளத்தோணி' என்னும் சொல் முதலில் படகைக் குறித்தது; பிறகு அதில் வந்தவரைக் குறித்தது; அதன்பின், நான்கு தலைமுறையாகத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரையும் இழித்துச் சொல்லும் வசையாயிற்று. ஊர்தியின் பெயர் மனிதனின் மேல் ஏறி உட்கார்ந்த சொற்பொருள் மாற்றத்துக்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டை நான் வகுப்பில் சொன்னதில்லை.

1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தோட்டத் தமிழர் ஒன்பதே முக்கால் லட்சம் பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். (பிறகு பார்த்தார்கள், 1974-ல் ஆளுக்குப் பாதி.) இத்தனை பேரும் அந்தச் சிறு கப்பலில்தான் வந்தாக வேண்டும். எட்டு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் வண்டியைக் கடல் எடுத்துக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. நிலையம், துறைமேடை, சுங்கச்சாவடி, தபால் நிலையம், கோயில், மாதா கோயில் - தனுஷ்கோடி ஊரே போயிற்று.

சிதைந்த பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாட்களில் மீட்டார்கள். அதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆனால் பாம்பனுக்கு அப்பால் தனுஷ்கோடி வரையிலான பாதையை மறுபடி போடவே இல்லை. தோயா மாருவுக்குப் பின் ஜப்பான் செய்ததைப்போல இங்கே யாரும் கடலுக்கடியில் போக நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவரவில்லை. ஒப்பந்தமே ஆட்களை ஒரு திசையில் மட்டும் அனுப்புவதற்காக. ஒரு திசைப் பயணத்துக்கு யார் பாலம் கட்டுவார்கள்? கப்பல் போதும். கப்பலை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். 'ராமானுஜம்' என்று அதற்குப் பெயர்.

அந்தக் கப்பலில் வந்த ஒருவரை எனக்குத் தெரியும். என் முதுகலை மாணவி ஒருத்தியின் பாட்டி. அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். இருபத்து நான்கு வயதில், 1973-ல், கணவனோடும் கைக்குழந்தையோடும் வந்தார். அக்காவின் குடும்பத்துக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, இவருடைய குடும்பத்துக்கு இந்தியக் குடியுரிமை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தவர்கள். மண்டபம் முகாமில் சில நாள், பிறகு எங்கெங்கோ அலைந்து, கடைசியில் ஆரணிக்கு வந்து, ராட்டையில் பட்டு இழைத்துப் பிழைத்தார். கொழுந்து பறித்த விரல்களுக்கு இழை அறுந்தால் உடனே தெரியுமாம். மாணவி தன் ஆய்வேட்டுக்காகப் பேச்சுவழக்குப் பதிவு செய்தபோது நானும் உடன் போயிருந்தேன். வழக்குச் சொற்களைக் குறித்துக்கொள்ளப் போனவர்கள் வேறெதையோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

"தலமன்னாருக்கு வர்ற வரைக்கும் ரயில்ல அழுதோம் வாத்தியாரய்யா. கப்பல்ல ஏறினதும் எல்லாரும் பின்பக்கமே பாத்துக்கிட்டு நின்னாங்க. அந்தக் கர மறைஞ்சுச்சு. கொஞ்ச நேரந்தான், இந்தக் கர தெரிஞ்சிருச்சு. எனக்கு அழுக நின்னு கோவம் வந்துச்சு. இம்புட்டுக் கிட்டயா இருந்துச்சுன்னு."

இந்தக் கோபத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

கப்பல் 1984-ல் நின்றது. கலவரமும் போரும் அதற்குமேல் அதை விடவில்லை. தலைமன்னார்ப் பாதையும் 1990-ஐ ஒட்டிப் போரில் அழிந்தது. அதன் பிறகான கால் நூற்றாண்டில் அந்தக் கடலைக் கடந்தவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு கடக்கவில்லை. மண்டபம் முகாம் அகதி முகாமாயிற்று.

இப்போது இரண்டு கரைகளிலும் நடந்திருப்பதைச் சொல்கிறேன். மதுரை - ராமேஸ்வரம் பாதை 2007-ல் அகலப் பாதையாக்கப்பட்டது. பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தி, பக்கத்திலேயே புதுப்பாலம் கட்டி 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். கப்பல் போக வேண்டுமானால் 72.5 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. பழைய பாலத்தில் ஆட்கள் நின்று கையால் சுழற்றி இரு கைகளையும் விரித்தது போலத் திறப்பார்கள், இதில் மின்விசை. எதிர்க்கரையில், மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையிலான பாதையை இந்திய அரசு நிறுவனமான இர்கான் புதிதாகப் போட்டுக் கொடுத்தது. 2015 மார்ச்சில் தலைமன்னார்த் துறை வரை வண்டி ஓடத் தொடங்கியது. ஆக, ஒரு பக்கம் 1,676 மில்லிமீட்டர், மறுபக்கமும் 1,676 மில்லிமீட்டர். நூறாண்டுகளுக்கு முன் எந்தக் காரணத்தால் ரயிலைக் கப்பலில் ஏற்றவே முடியாதோ, அந்தக் காரணம் இன்று இல்லை. அச்சு ஒத்துவிட்டது. திண்ணைப் பெரியவரின் பன்னிரண்டு வயதுக் கனவுப்படி ராமேஸ்வரத்தில் ஒரு பெட்டியைக் கப்பலேற்றினால் தலைமன்னாரில் அது தானாக உருண்டு போகும். ஏற்றத்தான் கப்பலும் இல்லை, துறையும் இல்லை.

பாலம் கட்டுவது பற்றிய பேச்சு நெடுநாளையது. போட் மெயில் தொடங்கிய காலத்திலேயே மணல்திட்டுகளின் மேல் பாதை போடத் தென்னிந்திய ரயில்வே பொறியாளர்கள் வரைபடம் தயாரித்தார்கள். முதல் உலகப் போர் வந்து அதைச் சுருட்டி வைத்தது. பாரதி சிங்களத் தீவுக்குப் பாலம் வேண்டுமென்று பாடியதும் ஏறக்குறைய அதே தலைமுறையில்தான். 2002-ல் ரணில் விக்கிரமசிங்க பேசினார். 2023-ல் இரு நாட்டுத் தலைவர்களின் கூட்டு அறிக்கையில் தரைவழி இணைப்பு பற்றிய சாத்திய ஆய்வு இடம்பெற்றது. இலங்கையில் இதற்கு எதிர்ப்பு உண்டு. அந்த அச்சத்தைப் பகையென்று மட்டும் கொள்வது சரியாகாது. பெரிய நாட்டின் அருகில் இருக்கும் சிறிய நாட்டுக்குத் தண்ணீர்தான் வேலி. அந்த மணல்திட்டுகளின் உயிர்ச்சூழலைக் குலைப்பது பற்றிய கவலையும் நியாயமானதே. எனக்குப் பாலம் வேண்டுமென்று பிடிவாதம் இல்லை. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக, இருநூறு பேர் ஏறக்கூடிய ஒரு கப்பல் போதும். பாலத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசுவதே சிறிய கப்பலை விடாமல் இருப்பதற்கு ஒரு வழியாகிவிட்டதோ என்றுகூடச் சில வேளை தோன்றுகிறது.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல் 2023 அக்டோபரில் கிளம்பியது. சில நாட்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற பெயரில் வேறொன்று வந்தது. மழைக்காலத்தில் அதையும் நிறுத்திப் பின் மீண்டும் விட்டார்கள். மாணவி செய்தியைப் படித்துவிட்டுப் பாட்டியிடம் சொன்னாள். விமானத்தில் போகலாம் என்று மகன் முன்பே சொல்லியிருக்கிறார், கிழவி அசையவில்லை. கப்பல் என்றதும் எழுந்து உட்கார்ந்தாராம். அக்கா இருக்கிறார், எண்பது வயது, வீடியோ அழைப்பில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். பேசுவது பெரும்பாலும் யார் யார் செத்தார்கள் என்பது பற்றி.

கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்க நானும் உதவினேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் நுவரெலியா மாவட்டம் என்று எழுதினோம். கண்டியில் இந்திய அலுவலகம் அன்று கொடுத்த பழைய கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் ஒரு தகரப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் படம், தலைமன்னார் முத்திரை, ராமேஸ்வரம் முத்திரை. விசாரணைக்கு வந்தவர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். முகவரியைச் சரிபார்த்தார், பக்கத்து வீட்டில் கேட்டார். பிறகு பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "பாட்டி, நீங்க அகதியா?" என்றார். இல்லை, ஒப்பந்தத்தில் வந்தவர் என்று மாணவி விளக்கினாள். என்ன ஒப்பந்தம் என்றார் அவர். அவள் 1964 என்று தொடங்கினாள். அவர் குறித்துக்கொண்டார், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். ஏழு வாரம் ஆகிறது. பாட்டி நாகப்பட்டினத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டுவைத்திருக்கிறார்: களம்பூர் வரை பேருந்து, அங்கிருந்து விழுப்புரம், விழுப்புரத்தில் இறங்கி வேறு வண்டி.